மாமன் விரல் பட்ட மஞ்சள் பத்திரிகை

போன வாரம் மொட்டை மாடியிலிருந்து என் பேத்தி நிவேதா போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக்காரர் தடியோடு ஓடி வந்துவிட்டார். பாம்பு என்று நினைத்தாராம். பாம்பும் இல்லை, பல்லியும் இல்லை. கல்யாணப் பத்திரிகை.

"ஆயா! என் கார்டெல்லாம் ரத்தம் ரத்தமா ஆயிடுச்சு! மேல வாயேன்!"

முட்டி வலிக்கிறது, படியேற முடியாது என்று மருமகனிடம் சொல்லி மாத்திரை வாங்கி வைத்திருப்பவள் நான். அன்றைக்குக் கைப்பிடியைக்கூடப் பிடிக்காமல் ஏறினேன். மருமகன் பார்த்துவிட்டார். இனிமேல் ரேஷன் கடைக்கு என்னைத்தான் அனுப்புவார்.

மேலே கொடி முழுக்க மஞ்சள் காகிதங்கள் கிளிப்பு மாட்டித் தொங்கின. அடுத்த மாதம் அவளுக்குக் கல்யாணம். கடையில் அச்சடித்தால் ஊரில் எல்லார் பத்திரிகையும் ஒரே மாதிரி இருக்குமாம். அதனால் போனில் எதையோ பார்த்துவிட்டு, மஞ்சளை மிக்சியில் அரைத்து, கொதிக்க வைத்து, காகிதத்தை அதில் முக்கிக் காயப் போட்டிருக்கிறாள். அதுவரைக்கும் சரிதான். பிறகு கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, ஈரத்தோடு காகிதங்களை அவிழ்க்கப் போயிருக்கிறாள். தொட்ட இடமெல்லாம் சிவப்பு. ஆட்டை உரித்த கையோடு தொட்ட மாதிரி அப்படி ஒரு சிவப்பு.

நான் சிரிக்க ஆரம்பித்தேன். தண்ணீர்த் தொட்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

"சிரிக்காத ஆயா. எல்லாம் போச்சு."

"மஞ்சள்ல சோப்பு பட்டா செவக்கும்டி. சுண்ணாம்பு பட்டா இன்னும் செவக்கும். எங்க கல்யாணம் நின்னு போயிருக்கும். அதுதான் நடத்தி வெச்சுது."

"எது, சுண்ணாம்பா?"

"சுண்ணாம்புதான். அதத் தொட்ட வெரலும்."

அப்புறம் அவள் விடவில்லை. மொத்தத்தையும் சொல்ல வைத்தாள். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல அவள்தான் தட்டுகிறாள். என் பேச்சுக்குக் கொஞ்சம் இஸ்திரி போட்டுத்தான் தட்டுவாளாம். எங்கேயாவது சுருக்கம் மிச்சமிருந்தால் அது என்னுடையது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மஞ்சள் வேகிற வாசனை இருக்கிறதே, அது மண்ணும் மருந்தும் கலந்த மாதிரி மூக்கில் உட்கார்ந்துகொள்ளும். மாடியில் அது அடித்ததும் பாலக்கோட்டுக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் அப்பா வீட்டு வாசல் வந்துவிட்டது எனக்கு. வாசலில் அண்டா. அண்டாவில் மஞ்சள் தண்ணீர். அண்டாவுக்குப் பக்கத்தில் மஞ்சள் நிறத்தில் ஒரு நாய்.

நாய் பிறவியில் வெள்ளை. அந்த வாரம் எங்கள் வீட்டில் எல்லாமே மஞ்சள். எனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை ஏரியூர்ப் பக்கம். பெண் பார்க்க வந்தபோது என்னைப் பார்த்த பார்வையில் காராபூந்தி புரையேறி, கண் பிதுங்கி, அவங்க அம்மா முதுகில் ஓங்கி ஓர் அறை வைத்து, சபையே எழுந்து நின்றுவிட்டது. நான் கதவுக்குப் பின்னால் சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையைக் கடித்தேன். மனுசர் மூச்சு வந்ததும் என்னைப் பார்த்து அவரும் சிரித்தார். கட்டினால் இவரைத்தான் கட்டுவது என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன். இன்றைக்கும் பூந்தி தின்றால் புரையேறுகிறது அவருக்கு. அறை வைக்கிற வேலை இப்போது என்னுடையது.

மாப்பிள்ளை வீட்டில் சேலத்துக்கே போய்த் தங்க எழுத்தில் பத்திரிகை அடித்துவிட்டார்கள். எங்கள் பக்கம் அப்போதெல்லாம் வெற்றிலை பாக்கு வைத்து வாயால் அழைப்பதுதான். அப்பாவுக்கு ரோசம் வந்துவிட்டது. அண்ணனுக்கு அதைவிட ரோசம்.

"பிரஸ்சுக்கு எதுக்குப்பா போவணும்? நானே வூட்ல அடிக்கறன்" என்றான்.

அண்ணன் ஒரு கலைஞன். தக்காளி மண்டிக்குப் போகும் மரப்பெட்டிகளில் இன்னார் பெட்டி என்று தெரிவதற்காகப் பேர் போடுவார்கள். தகரத்தில் எழுத்தை வெட்டி எடுத்து, அந்த ஓட்டைத் தகரத்தைப் பெட்டிமேல் வைத்துப் பெயிண்டைத் தடவினால் எழுத்து விழும். ஊரில் பாதிப் பேருக்குத் தகரம் வெட்டிக் கொடுத்தவன் அவன்தான். எண்ணெய் டின்னைப் பிரித்து, உளியை வைத்துத் தட்டித் தட்டி, முழுப் பத்திரிகையையும் தகரத்தில் வெட்டினான். சுழி உள்ள எழுத்துகளில் நடுவில் இருக்கிற தகரம் கழன்று விழுந்து, எழுத்தெல்லாம் கொழுக்கட்டை மாதிரி வந்ததாம். எனக்கென்ன தெரியும்? எனக்கு எல்லா எழுத்தும் கொழுக்கட்டைதான்.

மை என்ன தெரியுமா? சுண்ணாம்பு. காகிதத்துக்கு மஞ்சள் சாயம் ஏற்றி, தகரத்தை மேலே வைத்து, சுண்ணாம்புத் தண்ணீரை ஒற்றினால், மஞ்சளில் சிவப்பு எழுத்து பளிச்சென்று எழும். அத்தனை மங்கலம். அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

ஒற்றுவதற்குப் பிரஷ் வேண்டுமே? வேப்பங்குச்சி நுனியை மென்று மென்று நார் நாராக்கினால் பிரஷ். மெல்லுகிற வேலை கல்யாணப் பெண்ணுக்கு. நாள் முழுக்க மென்றேன். முகம் எந்நேரமும் சுளித்தபடியே இருந்தது. எதிர் வீட்டு அக்கா அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டு, "புள்ளைக்கு மாப்பள புடிக்கலியா? மூஞ்சியே செரியில்லியே" என்று கேட்டாள். எனக்கா பிடிக்கவில்லை!

அப்பாவின் வேட்டி அண்டாவுக்குள் விழுந்து மஞ்சளாகிவிட்டது. அதைக் கட்டிக்கொண்டு பஸ் ஏறினால், "சாமி உள்ள வாங்க, முருகனுக்கா?" என்று எழுந்து இடம் விடுகிறார்கள். அப்பாவுக்கு அது பிடித்துப்போய் இரண்டு மூன்று தரம் காரியமில்லாமலே பாலக்கோடு போய் வந்தார். பிறகு அம்மா அந்த வேட்டியைச் சோப்புப் போட்டுத் துவைத்தாள். வேட்டி இரத்தச் சிவப்பு. கிணற்றடியில் இருந்தவர்கள் யாரை வெட்டினீர்கள் என்று கேட்டார்கள்.

கடைக்காரர் ஒருவர் அப்பா நீட்டிய பத்திரிகையைத் தூரத்திலேயே பார்த்துவிட்டு, "என்னங்க, மஞ்சக் கடுதாசியா? இருக்கறதெல்லாம் கையவிட்டுப் போச்சுங்களா?" என்று பதறினாராம். நொடித்துப் போனவர்கள்தானே மஞ்சள் கடுதாசி கொடுப்பார்கள்! அன்றிலிருந்து அப்பா முதலில் "கல்யாணம்ங்க, கல்யாணம்ங்க" என்று கூவிவிட்டுத்தான் காகிதத்தைப் பையிலிருந்து எடுப்பார்.

சிரிப்பெல்லாம் சரி. ஆனால் ஒரு பத்திரிகைமேல்தான் எல்லார் உயிரும் இருந்தது. அது கடத்தூரில் இருந்த என் தாய்மாமனுக்கு வைக்க வேண்டியது. அம்மாவின் தம்பி.

எங்களில் தாய்மாமன்தான் பெண்ணுக்கு நெற்றியில் பட்டம் கட்டி, கையைப் பிடித்து மணவறைக்குக் கூட்டிப்போக வேண்டும். நிச்சயத்தன்றே மாப்பிள்ளையின் அம்மா கறாராகச் சொல்லிவிட்டார். "தாய்மாமன் பட்டம் கட்டாத பொண்ண எங்க பக்கம் மணவறைல ஏத்த மாட்டோம்ங்க. பாத்துக்குங்க." ஆனால் எங்கள் மாமன் எங்கள் வாசலை மிதித்தே வெகு காலமாகியிருந்தது. காரணம் பெரிய காரணம். கோயிலில் கெடா வெட்டினால் தலைக்கறி மாமன் இலைக்குத்தான் போகவேண்டும். ஒரு வருடம் போலீஸ்காரர் ஒருவர் வந்து உட்கார்ந்துவிட்டார். அப்பா பயந்துபோய்த் தலைக்கறியை அவர் இலையில் வைத்துவிட்டார். மாமன் இலையை மடித்துவிட்டு எழுந்தவர்தான்.

"தலைக்கறி போச்சுன்னா கூடப் பொறந்தவளும் போயிட்டாளா? அவன் மொதல்ல வரட்டும்" என்று அம்மாவும் வீம்பாக இருந்துவிட்டாள். அதனால் அப்பாவும் அண்ணனும் மட்டும்தான் பத்திரிகை வைக்கப் போனார்கள். தங்கையோடு வராமல் போனதே தப்பு என்று வழியெல்லாம் அண்ணன் சொன்னானாம். தங்கையா? அம்மா மாமனுக்கு அக்கா. பாருங்கள், நிவேதா இப்போது நிறுத்தித் திருத்துகிறாள். அக்காவோடு வராமல் போனது தப்பு.

மாமன் கயிற்றுக்கட்டிலில் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தாராம். அப்பா தாம்பாளத்தை நீட்டினார். மாமன் திரும்பவில்லை. கட்டில் ஓரத்தில் வைத்தார். அப்போதும் திரும்பவில்லை. சுவரைப் பார்த்து வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிட்டார்கள்.

கொஞ்ச நாளில் அந்தப் பத்திரிகை திரும்பி வந்தது. கடத்தூர் பஸ் கண்டக்டர் தர்மபுரி பஸ் நிலையத்தில் எங்கள் பஸ் கண்டக்டரிடம் கொடுத்து, அவர் எங்கள் நிறுத்தத்தில் விசில் ஊதி அண்ணனைக் கூப்பிட்டுக் கையில் கொடுத்தார். கூடவே வாய்ச் சேதியும்.

"'நான் தொடவும் இல்ல, படிக்கவும் இல்ல. அப்பிடியே இருக்குது, எடுத்துக்கச் சொல்லுங்க'ன்னு உங்க மாமன் சொல்லச் சொன்னாருங்க."

பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்கள்.

அம்மா சோற்றுப் பானைக்கு முன்னால் உட்கார்ந்து அழுதாள். அப்பா, "அவன் கெடக்கறான். பட்டத்த நானே கட்டறன்" என்றார். "நீ கட்டுனா அது பட்டம் இல்ல, தலையில சுத்தற உருமா" என்று அம்மா அழுகைக்கு நடுவிலும் சொன்னாள். யாரும் சிரிக்கவில்லை. நான் போய் அந்தப் பத்திரிகையை எடுத்துக்கொண்டு கதவுக்குப் பின்னால் உட்கார்ந்தேன். மாப்பிள்ளை என்னைப் பார்த்துச் சிரித்த கதவு அது. இனிமேல் அவர் வேறு எந்த வீட்டிலோ பூந்தி தின்று புரையேறப் போகிறார் என்று நினைத்ததும் மறுபடியும் முந்தானையைக் கடித்துக்கொண்டேன்.

படிக்கத் தெரிந்தவர்கள் காகிதத்தைப் பார்த்ததும் எழுத்துக்குள் போய்விடுவார்கள். எனக்குப் போக வழியில்லை. நான் மஞ்சளைத்தான் பார்த்தேன். ஓரத்தில் சிவப்பு. பின்பக்கம் சிவப்பு. எழுத்து வரிகளுக்குக் கீழேயெல்லாம் எறும்பு ஊர்ந்த மாதிரி வரிசையாகச் சிவப்புப் பொட்டு. நாங்கள் ஒற்றியது இல்லை அது.

"கண்டக்டருங்க வெத்தலயப் போட்டுக்கிட்டுத் தொட்டிருப்பானுங்க" என்றார் அப்பா.

ஆனால் ஒவ்வொரு பொட்டும் மொட்டையாக, உருண்டையாக இருந்தது. நல்ல விரல் இப்படிப் பதியாது. எங்கள் மாமனுக்கு வலது கை ஆள்காட்டி விரல் பாதிதான். கரும்பு ஆலையில் கொடுத்துவிட்டார் மீதியை. அந்த அரை விரலில்தான் சுண்ணாம்பு எடுத்து வெற்றிலையில் தடவுவார். அந்த அரை விரலை வரிக்குக் கீழே வைத்து எழுத்துக் கூட்டித்தான் எதையும் படிப்பார்.

இன்னொன்றும் இருந்தது. கீழ்ப் பக்கம் ஓர் இடத்தில் பொட்டெல்லாம் சேர்ந்து சிவப்புக் குளமாகியிருந்தது. அது என்ன இடம் என்று எனக்குத் தெரியும். அண்ணன் ஒற்றவிட்டதில் எனக்குக் கிடைத்த இடம் அது. "இது மாமன் பேரு, நீயே ஒத்து" என்று குச்சியைக் கொடுத்திருந்தான்.

"அம்மா! மாமன் படிச்சிருக்குதும்மா! பேர மறுக்கா மறுக்காத் தொட்டுத் தொட்டுப் படிச்சிருக்குது!"

அம்மா காகிதத்தை வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள். பார்த்தாள். மூக்கைச் சிந்தினாள். வீம்பெல்லாம் எங்கே போனதோ, கொடியிலிருந்த சேலையை எடுத்துச் சுற்றினாள்.

"கெளம்பு. எந்த எடத்துல பேரு இருக்குதுன்னு எனக்குத் தெரியாது. நீதான் காட்டணும்."

கல்யாணப் பெண் வாசல் தாண்டலாமா என்று அப்பா கேட்டார். கல்யாணம் இருந்தால்தானே கல்யாணப் பெண் என்று அம்மா சொல்லிவிட்டாள். தலையில் துண்டைப் போட்டு முகத்தை மூடிக்கொண்டு, இரண்டு பஸ் மாறிக் கடத்தூர் போனோம்.

மாமன் அதே கட்டிலில்தான் இருந்தார். எங்களைப் பார்த்ததும் சுவர்ப் பக்கம் திரும்பினார். அம்மா சுற்றிக்கொண்டு போய்ச் சுவருக்கும் கட்டிலுக்கும் நடுவில் நின்றாள்.

"ஏண்டா, பத்திரிகையத் தொடவே இல்லன்னியாமே?"

"தொடல."

"படிக்கவும் இல்ல?"

"நான் எதுக்குப் படிக்கறன்? எனக்கென்ன வேற வேல இல்லியா?"

"அப்ப இது யாரு வெரலு?"

மாமன் ஓரக்கண்ணால் பார்த்தார். "கண்டக்டரு."

"ரெண்டு கண்டக்டருக்கும் வெரலு பாதிதானா?"

மாமன் கையை இடுப்புக்குப் பின்னால் வைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் யோசித்தார். "பூன உருட்டியிருக்கும்."

"பூன வெத்தல போடுமாடா?"

உள்ளேயிருந்து அத்தை குரல் வந்தது. "போடும் அண்ணி, போடும். மத்தியானம் பூரா கண்ணாடிய மாட்டிக்கிட்டுப் படிச்சுதே அந்தப் பூன! எந்திரிச்சு சோறு தின்னச் சொன்னா என்மேல சீறுது!"

நான் துண்டுக்குள் குலுங்கினேன். மாமனுக்கு உதடு துடித்தது. கோபமா சிரிப்பா என்று தெரியவில்லை.

"பேரு போட்டிருக்குதான்னு பாத்தன்க்கா. அவ்வளவுதான்."

"போட்டிருக்குதா?"

"போட்டிருக்குது." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "சின்னதாத்தான் போட்டிருக்குது" என்றார்.

"உன் மருமவ ஒத்துன பேருடா அது. வேப்பங்குச்சிய மென்னு மென்னு வாயி கசந்து ஒத்துனா."

மாமன் என்னைப் பார்த்தார். அந்த அரை விரலால் கண்ணைத் துடைக்கப் போய், சுண்ணாம்பு கண்ணில் பட்டு, ஐயோ என்று குதித்து எழுந்துவிட்டார். அத்தை சொம்பில் தண்ணீரோடு ஓடி வர, அம்மா முந்தானையை வைத்து ஊத, யார் எதற்கு அழுகிறார்கள் என்றே தெரியாமல் மூன்று பேரும் அழுதார்கள். ஒரு கண்ணை மூடிக்கொண்டே மாமன் கேட்டார்.

"தலக்கறி?"

"கல்யாணம் முடியட்டும், உனக்குன்னே ஒரு கெடா. தல, நாக்கு, மூள எல்லாம் உன் எலைக்குத்தான். போலீசு வந்தா நானே வெரட்டறன்."

கல்யாணத்தன்று மாமன் எல்லாருக்கும் முன்னால் வந்து நின்றார். பட்டம் கட்டினார். நூலை இறுக்கும்போது, நலங்கு மஞ்சள் பூசியிருந்த என் கன்னத்தை அந்த அரை விரல் தொட்டுவிட்டது. வெற்றிலை இல்லாமல் அவர் ஏது? கன்னத்தில் சிவப்பாக ஒரு மொட்டைப் பொட்டு. துடைக்க வந்தவர்களை அம்மா தடுத்துவிட்டாள். கறுப்பு வெள்ளைப் போட்டோவில் அது கறுப்பாக விழுந்திருக்கிறது. பார்க்கிறவர்கள் திருஷ்டிப் பொட்டு என்கிறார்கள். நானும் ஆமாம் என்கிறேன்.

அந்தப் பத்திரிகைகளில் ஒன்றுகூட இப்போது இல்லை. மஞ்சள் வெயில் பட்டால் வெளிறிவிடும். கடைசியாக மிச்சமிருந்த ஒன்றும் வெறும் வெள்ளைக் காகிதமாகிப் போனது. மாமனும் போய்விட்டார். கெடா வெட்டினால் தலைக்கறிக்கு இப்போது யாரும் சண்டை போடுவதில்லை.

நிவேதா சிவந்த காகிதங்களையெல்லாம் வீணாக்காமல் அப்படியே பத்திரிகை ஆக்கிவிட்டாள். டிசைன் என்று சொல்லிவிட்டாளாம். படம் பிடித்து எல்லாருக்கும் அனுப்பினாள். அவளுக்குத் தாய்மாமன் யார்? பெங்களூரில் இருக்கிற என் மகன்தான். அவன் பார்த்துவிட்டதற்கு அடையாளமாகப் போனில் நீல நிறத்தில் ஏதோ கோடு விழுந்ததாம். பிறகு பதிலும் வந்தது என்று காட்டினாள். ஒரு கட்டைவிரல் படம். மஞ்சள் விரல். நன்றாகக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒரு துளி சிவப்பு இல்லை.

எனக்கு மனசு கேட்கவில்லை. போனைப் போடச் சொன்னேன்.

"ஏண்டா, வெத்தல பாக்கு வெக்காம வெறும் போட்டோவ அனுப்பியிருக்கறா. உனக்குக் கோவம் வரலியா?"

"எதுக்கும்மா கோவம்? லீவு சொல்லிட்டேன். வந்துடுவேன்."

"உன் பேரு சின்னதாப் போட்டிருக்குதுடா."

"பரவால்லம்மா."

"போன கெடா வெட்டுக்கு உனக்குத் தலக்கறி வெக்கல."

"நான் மட்டனே விட்டுட்டேன்மா. கொலஸ்ட்ரால்."

இவனை என்ன செய்வது, சொல்லுங்கள்.

"ஒரு தரம் கோவிச்சுக்கடா கண்ணு. நானும் உங்கக்காவும் பஸ் ஏறி வந்து சமாதானம் பண்ணிக் கூட்டியாரோம்."

அந்தப் பக்கம் காலண்டரைப் புரட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு மெதுவாகக் கேட்டான்.

"சனிக்கெழம ஆபீஸ் இருக்குதும்மா. ஞாயித்துக்கெழம கோவிச்சுக்கட்டா?"

சரி என்றேன். தாம்பாளத்தைப் புளி போட்டுத் தேய்த்து வைத்துவிட்டேன். வெற்றிலை, பாக்கு, பழம் எல்லாம் வாங்கியாகிவிட்டது. அவன் விரலில் தடவுவதற்குத்தான் கொஞ்சம் சுண்ணாம்பு கேட்டுத் தெரு முழுக்க அலைந்து பார்த்தேன். ஒரு வீட்டிலும் இல்லை.